பிள்ளையாருக்குப் போன காட்டுச் சூரியகாந்தி

நாங்கள் குடியேறிய இந்த மண்ணுக்கே உரிய காட்டுச் சூரியகாந்தியைத் தேடிப் பல கோடைகள் அலைந்திருக்கிறேன். போன வாரம் எங்கள் நகரத்து டான் பள்ளத்தாக்கில், பஸ்ஸிலிருந்து, ஒற்றைத் தண்டு தெரிந்தது. எந்த இனம் என்று சொல்ல இலைக்காம்பைப் பார்க்க வேண்டும்.

எனக்கோ காய்ச்சல். அந்தப் பள்ளத்தாக்கின் அருகில் குடியிருக்கும் தோழி மங்கையிடம், "இலையோடு வெட்டி வை" என்று தொலைபேசியில் சொன்னேன்.

இன்று போனேன். பிள்ளையார் படத்தடியில் பூ மட்டும் இருந்தது.

"இலை எங்கே?"

"உந்தச் சொரசொர இலை சாமிக்கு எதுக்கு, அக்கா? குப்பையில போட்டிட்டன்."

"பூவையாவது தா."

"சாமிக்கு வைச்சதை உடனை எடுக்கலாமோ? நாளைக்குப் பிரசாதமாத் தாறன்."

இதுவரை உறுதியானது, பூ மஞ்சள் என்பது மட்டுமே.

வேர் இருக்கிறது. அடுத்த கோடையில் மீண்டும் பூக்கும். அந்தப் பக்கம் சாமி கும்பிடாதவர் யாராவது குடியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.