கிராம்புக் குதிகால்

துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த பொம்மைக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது வழியில் பெட்டியைப் பிரித்துச் சோதனை போட்ட இடத்தில் விழுந்திருக்க வேண்டும். மஞ்சள் முடி, நீளக் கால்கள், மாரும் இடுப்புமாக ஒரு சீமைப் பொம்மை. அம்மா வெட்கப்பட்டு அதைக் கைக்குட்டையால் மூடினாள். "இதென்ன கூத்து? இதெயா பிள்ளைக்குக் கொண்டாந்தே?" என்று தன் தம்பியைத் திட்டினாள். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பெரியவளாகி, பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது.

எங்கள் வீடு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், அத்தாவின் சாக்குக் கடைக்கு மேல். எங்கள் ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். மிளகும் சுக்கும் கிராம்பும் இறங்கிய வெறும் சாக்குகளை அவர் வாங்கி மேலே அனுப்புவார். அம்மாவும் நானும் அவற்றை உதறி, கிழிசலைக் கோணி ஊசியால் தைத்துக் கீழே அனுப்புவோம். சாக்குகள் மறுபடி ஊர் சுற்றப் போகும். நான் மாடியை விட்டு இறங்குவது கல்யாணத்துக்கும் மௌத்து விழுந்த வீட்டுக்கும் மட்டும். சன்னலின் மரச்சட்டங்கள் வழியே கைவண்டிகளும் சுமைக்காரர்களின் தலைகளும் தெரியும். போட் மணி அடித்தால், அது வெலிங்டன் தீவுக்கா எறணாகுளத்துக்கா என்று நேரத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கூடப் படித்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகும்போது வயிறு எரியும். சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொள்வேன். "சன்னலெ பொளிச்சுப் போடாதே" என்பாள் அம்மா. நெற்றியைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

அந்தப் பொம்மையின் பாதம் எப்போதும் நுனிக்காலில் எம்பி நிற்கும் பாதம். குதிகால் உயர்ந்த செருப்பு இல்லாவிட்டால் சுவரில் சாத்தினாலும் சறுக்கி விழும். விழுந்து விழுந்து எனக்குக் கோபம் ஏறியது. கடைசியில் ஒருநாள் அத்தாவின் பழைய ரப்பர் செருப்பின் ஓரத்தைப் பிளேடால் மெல்லிசாகச் சீவி, விரல்நகம் அளவுக்கு ஒரு அடிப்பாகம் வெட்டினேன். குடைத்துணியைக் கீறி வார் வைத்தேன். குதிகாலுக்குத்தான் ஒன்றும் சரிப்படவில்லை. தீக்குச்சி தடித்தது, ஈர்க்கு வளைந்தது.

சாக்கு உதறும்போது மடியில் விழுந்த கிராம்பில்தான் வழி கிடைத்தது. தலையில் இருக்கும் மொட்டைக் கிள்ளிவிட்டால் நான்கு பல் நிற்கும். அந்தப் பல்லை ரப்பரில் அழுத்தி, அத்தாவின் சைக்கிள் டப்பாவிலிருந்து திருடிய பங்சர் சொல்யூஷனை ஒரு சொட்டு வைத்தால் ஆணி அடித்ததுபோல் பிடித்துக்கொள்ளும். வால் பக்கம் கூராகக் கீழே இறங்கும். எந்தத் தொழிற்சாலைக்காரனும் அப்படி ஒரு குதிகாலைச் செய்திருக்க மாட்டான். பொம்மை நின்றது. அன்று முழுக்கக் கிராம்பு மணக்க மணக்க நின்றது.

அதற்குப் பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. அத்தாவின் கிழிந்த பர்ஸில் பொம்மைக்குக் கைப்பை. ஒடிந்த குடையில் மழைக்கோட்டு. தீப்பெட்டிக்கு ரெக்சின் ஒட்டி ஒரு சூட்கேஸ், பற்பசைக் குழாயின் தகரத்தில் அதற்குக் கொக்கி. ஐந்து வருஷத்தில் பதினொரு ஜோடிச் செருப்பு. எல்லாமே வெளியே கிளம்புகிறவளுக்கு வேண்டிய சாமான்கள். வீட்டுக்குள் உடுத்த அவளுக்கு ஒரு துணிகூட நான் தைக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

எனக்குப் பதினெட்டு முடிவதற்குள் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் போனார்கள். ஒருவருக்கு நிறம் போதவில்லை, இன்னொருவருக்கு நகை போதவில்லை. இரண்டு தடவையும் அம்மா அழுதாள். நான் அடுக்களையில் போய்ச் சிரித்தேன். மூன்றாவதாகக் கம்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது அத்தா அலுத்துப்போய் ஒரு வார்த்தை விட்டார்: "இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா விட்டுரு. பிள்ளெயெ டுட்டோரியல்ல சேத்து விடறேன். பத்தாங்கிளாஸ் எழுதட்டும்." தினமும் காலையில் படியிறங்கி, ரோட்டில் நடந்து, டுட்டோரியலுக்கு! அந்த ஆசையில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இந்த இடமும் தட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான். முகத்துக்கு மஞ்சள்கூடப் பூசாமல் உட்கார்ந்தேன்.

வந்தது இரண்டு பெண்கள், மாப்பிள்ளையின் அம்மாவும் அந்த அம்மாளின் தங்கையும். சாயா குடித்தார்கள். என் நிறத்தைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பாட்டே பாடியிருப்பேன். அம்மாவுக்கும் அது புரிந்ததால்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். இத்தனை வருஷம் யார் வந்தாலும் கைக்குட்டையால் மூடி வைத்த பொம்மையைத் தாம்பாளத்தில் வைத்து, பதினொரு ஜோடியையும் சுற்றிப் பரப்பி, அவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"ஆத்தாடி, பொம்மைக்கே இம்புட்டுச் செருப்புன்னா பொண்ணுக்கு எம்புட்டுக் கேக்கும்?" என்று தங்கைக்காரி சிரித்தாள்.

"எல்லாம் இவ தன்னெ செஞ்சது மைனி" என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "யாருகிட்டச் சொல்றீங்க? இது பெட்டியோட வந்தது. சாக்குத் தைக்கிற கைக்கு இந்த வேலை எங்கிட்டு வரும்?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆமாம், பெட்டியோடு வந்ததுதான் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். பொய் சொல்லும் குடும்பம் என்று எழுந்து போயிருப்பார்கள். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உள்ளே போய்ப் பிளேடும் ரப்பரும் சொல்யூஷனும் எடுத்துவந்து அவர் காலடியில் உட்கார்ந்தேன். ஒரு சாக்கை உதறினேன், இரண்டு கிராம்பு பொறுக்கினேன். சீவினேன், கிள்ளினேன், அழுத்தினேன். ஒரு செருப்பு முடிந்தது.

அவர் குரல் மாறிவிட்டது. "போதும்மா, போதும். கண்ணால பாத்துட்டேன்."

"ஒத்தச் செருப்பெ வச்சு என்ன செய்யறது?" என்றேன். குனிந்து மற்றதையும் செய்தேன். முதலாவதைவிட அது நன்றாக வந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன். தலையை நிமிர்த்தியபோது அந்த அம்மாள் சீனிக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். எங்களில் பெண்ணின் வாயில் சீனி போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் மாற்றிப் பேசுவது வீட்டுக்கே அவமானம். "கோவக்காரிதான். ஆனா கைக்காரி" என்று சொல்லி என் வாயில் சீனியைப் போட்டார். கையில் சொல்யூஷன் பிசுபிசுக்க, நான் சீனியை விழுங்கினேன். அந்த ஜோடியை அவர் முந்தானையில் முடிந்துகொண்டார், மகனிடம் காட்டுவதற்கு.

அவர்கள் போனபின் அத்தா மேலே வந்தார். இந்த இடமும் தட்டிப்போகும் என்று அவரும் நினைத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து மலையாளத்தில் அச்சடித்த ஒரு தாளை எடுத்து, "மோளே, இதுல உன் பேரெ எழுது" என்று நீட்டினார். டுட்டோரியல் விண்ணப்பம். அதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து, "சீனி போட்டாச்சு!" என்று சந்தோஷத்தில் கத்தினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அத்தா என்னைப் பார்த்தார், தரையில் கிடந்த ரப்பர்த் துண்டுகளைப் பார்த்தார். தாளை நான்காக மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் கம்பத்தில் வேறொரு மாடி, வேறொரு சன்னல். பள்ளியில் நான் படித்தது மலையாளம்தான்; அங்கே தமிழ் எழுத்தாவது படித்துக்கொண்டேன். வேண்டாம் என்று அன்றே சொல்லியிருக்கலாமே என்று என் மகள் கேட்கிறாள். சொல்லியிருக்கலாம். சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, முதல் செருப்போடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை போதுமாக இருந்திருக்கும். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அந்த இரண்டாவது செருப்பை நானேதான் செய்தேன்.