காற்றடித்த நாளில் கஜலக்சுமி எடுத்த துவக்கு

என் மனைவி கஜலக்சுமிக்கு எதையும் அளக்காமல் நம்பும் பழக்கம் இல்லை. சுவிஸில் லாங்கன்தால் என்ற ஊரில் இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடமாகச் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறாள். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அந்தத் துண்டு அவளைத் தாண்டிப் போகாது. வீட்டிலும் அப்படித்தான். கறிக்கு உப்புக் காணாது என்று நான் சொன்னால், எவ்வளவு காணாது என்று கேட்பாள். இருபத்துநான்கு வருடமாக இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் எனக்குத் தலை நரைத்தது.

இப்படிப்பட்டவள் துவக்குச் சுடப் போன கதையைச் சொல்கிறேன். இந்தக் கேதீஸ்வரன் தன் மனைவியைப் பற்றிப் புளுகுகிறான் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

இந்த நாட்டில் ஒவ்வொரு வருடமும் வைகாசி கழிகிற நேரத்தில் ‘ஃபெல்ட்ஷீசன்’ என்று ஒன்று நடக்கும். ஊருக்கு ஊர் சனம் திரண்டு போய்த் துவக்குச் சுடும். கிழவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வங்கி முகாமையாளர், பால்காரர் எல்லோரும் வரிசையில் படுப்பார்கள். முந்நூறு மீற்றர் தூரத்தில் இலக்கு. ஆளுக்குப் பதினெட்டு வெடி, ஒரு வெடிக்குக் கூடியது நாலு புள்ளி. அவள் வயதுக்காரர் ஐம்பத்தேழு புள்ளி எடுத்தால் நெஞ்சில் ஒரு சின்னப் பதக்கம் குத்திவிடுவார்கள். அதற்குக் ‘கிரான்ஸ்’ என்று பெயர். அதைக் குத்திக்கொண்டு தொத்திறைச்சி தின்னும் சுவிஸ்காரனின் முகத்தில் மாப்பிள்ளைக் களை இருக்கும்.

ஏழு வருடத்துக்கு முன் தொழிற்சாலை ஆட்கள் சேர்ந்து போனபோது இவளையும் கூப்பிட்டார்கள். பெயர் பதியும் மேசையில் இருந்தவர் ஹெர் யோஸ்ட். அதே தொழிற்சாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவர், சூட்டுக் கழகத்தின் பொறுப்பாளர்களில் ஒருவர். இவள் தன் வதிவிட அட்டையைக் கொடுத்திருக்கிறாள். அவர் அதைப் பார்த்தார், பிறகு ஒரு தாளைப் பார்த்தார், முகம் சிவந்துபோனது. சில நாட்டுக் குடிமக்கள் இங்கே துவக்கைத் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவள் மற்றவர்கள் சுட்டு முடியும்வரை இருந்து, கோப்பி குடித்து, அவர்களுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

“என்னப்பா, சுட்டீரோ?” என்று கேட்டேன்.

“என்னை அளந்து பாத்தவை. நான் கழிவுப் பெட்டிக்குள்ள போற துண்டாம்” என்றாள்.

அதோடு விட்டிருப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் விடவில்லை. அடுத்த மாதமே சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பப் படிவம் இரண்டு எடுத்து வந்தாள், ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு. தன்னுடையதை நிரப்பிக் கொடுத்து, மொழிச் சோதனை எழுதி, நகரசபைக்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் சிவப்புக் கடவுச்சீட்டை வாங்கினாள். நான் விண்ணப்பிக்கவில்லை. ஊர்க் கடவுச்சீட்டை உயிருள்ளவரை விடமாட்டேன் என்று ஒரு கலியாண மண்டபத்தில் நாலு பேருக்கு முன்னால் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு அந்த ஜேர்மன் சோதனைக்குப் பயம். இதை இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன்.

கடவுச்சீட்டுக் கிடைத்த கிழமையே கழகத்தில் சேரப் போகிறேன் என்றாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீர் அதைத் தேடிப் போறீரோ?”

அவள் சத்தம் போடவில்லை. “அங்க ஆக்களைச் சுட்டவங்கள். இஞ்ச மட்டையைச் சுடுகினம். எனக்குத் துவக்கில ஆசை இல்லையப்பா. அந்த மேசையில எனக்கு ஏலாது எண்டு சொன்னவை. அதே மேசையில கிரான்ஸ் வாங்கோணும். வாங்கினால்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.”

சரி, போம் என்றேன்.

கழகத்தில் இரவலாகக் கொடுக்க இரண்டு வகைத் துவக்கு இருந்தன. ஒன்று இப்போதைய இராணுவத் துவக்கு. அதன் ரவை ஐந்து புள்ளி ஆறு மில்லிமீற்றர். மற்றது பழைய இராணுவத் துவக்கு, பாரமானது. அதன் ரவை ஏழரை மில்லிமீற்றர். எதை எடுப்பது என்று யோசிக்க இரண்டின் வெற்று ரவைக் கோதுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

“இது எத்தினை?” என்று பெரியதைக் காட்டிக் கேட்டேன்.

“ஏழரை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கஜலக்சுமி கும்ப ராசி. அவளுக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை தவறாமல் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துக்கொண்டிருந்தோம். இதற்குள் ஏழரையைத் தேடிப் பிடித்துத் தோளில் வைத்துக்கொள்வதா? எங்கள் சனத்தில் ஏழரை மணிக்கு ஒரு நல்ல காரியம் தொடங்கவே தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தச் சாதி.

“வேண்டாம். சனியன் போற வரைக்கும் அதைத் தொடாதையும். அதோட உம்மடை உடம்பு நாப்பத்தெட்டுக் கிலோ. பெரிய ரவை உதைச்சால் தோள்மூட்டு கழண்டு போயிடும்.”

நான் என்ன சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்கிறவள், அன்றைக்குக் கேட்கவில்லை. சனீஸ்வரனை அளக்க அவளிடம் கருவி இல்லை. சின்னதையே எடுத்தாள்.

ஒரு வருடம் அதனோடு பயிற்சி. ஒவ்வொரு நாளும் எடுத்த புள்ளி, அன்றைய காற்று எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினாள். காற்றில்லாத நாட்களில் அறுபது, அறுபத்தொன்று, ஒருமுறை அறுபத்திரண்டு. ‘பீஸ’ என்று இங்கே சொல்லும் வடகீழ்க் காற்று அடிக்கும் நாட்களில் ஐம்பத்திரண்டு, ஐம்பது, ஐம்பத்துநாலு. சூட்டுத்திடல் வெட்டவெளியில் இருக்கிறது, காற்று குறுக்கே வரும். அது நின்று நின்று அடிப்பதால் குறி திருத்தும் திருகாணியைத் திருகியும் பயனில்லை. ஒரு நாள் கொப்பியை என் முன்னால் வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, இதைப் பாருங்கோ. சின்ன ரவை பாரம் குறைஞ்சது. காத்து அதை ஒரு சாண் தள்ளுற நேரம் பெரிய ரவையை முக்கால் சாண்கூடத் தள்ளாதாம். யோஸ்ட் சொல்லுறார்.”

“யோஸ்டுக்குச் சனி இல்லை” என்றேன்.

சித்திரையில் எனக்குச் சொல்லாமல் பெரியதைச் சுட்டுப் பார்த்தாள். மூன்று கிழமை சுட்டுவிட்டுத்தான் சொன்னாள். பெரிய ரவை என்றால் பெரிய உதை என்று நான் நினைத்தது பிழையாம். அந்தத் துவக்கு ஆறு கிலோவுக்குக் கிட்ட, முன்னால் இரண்டு கால் வேறு. உதையில் பாதியைத் துவக்கே வாங்கிக்கொள்கிறதாம்.

“இடி இல்லையப்பா. பஸ்சில பின்னால நிக்கிற ஆள் தள்ளுற மாதிரி ஒரு தள்ளு. அவ்வளவுதான்.”

கொப்பியைப் பார்த்தேன். காற்றடித்த நாட்களில் ஐம்பத்தெட்டு, அறுபது, ஐம்பத்தொன்பது என்று இருந்தது. எனக்குக் கணக்கு விளங்கியது. ஆனால் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அவளே ஓர் உடன்பாட்டுக்கு வந்தாள். ஃபெல்ட்ஷீசன் அன்றைக்குக் காற்று இல்லையென்றால் சின்னது, காற்று அடித்தால் அங்கே வைத்து யோசிப்போம் என்றாள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். காற்று அடிக்கக்கூடாது என்று வேண்டினேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் எழுந்து யன்னலைத் திறந்தால், எதிர் வீட்டுக்காரி உலர்த்திய போர்வை கொடியைவிட்டுக் கிளம்பப் பார்க்கிறது.

சூட்டுத்திடலில் கொடிகள் விறைத்து நின்றன. பெயர் பதியும் மேசையில் அதே யோஸ்ட். இந்த முறை இவளுடைய சிவப்புக் கடவுச்சீட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, சிரித்தார். தாளில் ஒரு கட்டம் இருந்தது, எந்தத் துவக்கு என்று. பேனையைப் பிடித்தபடி கேட்டார். கஜலக்சுமி கொடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றேன் மெதுவாக. “இண்டைக்குச் சனிக்கிழமை வேற.”

“காத்தைப் பாத்தனீங்கள்தானே?”

“பாத்தனான். அடுத்த வருசமும் இது நடக்கும்தானே?”

“ஏழு வருசம் பொறுத்திட்டன்” என்றாள். யோஸ்டின் பக்கம் திரும்பிப் பெரியதைச் சொன்னாள். அவர் எழுதிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவளுடைய பாயையும் காதுக் கவசத்தையும் சுமந்துகொண்டு பின்னால் போனேன். துவக்கை அவள்தான் தூக்கினாள். அதைத் தூக்கிக் கொடுக்க எனக்குச் சட்டத்தில் இடம் இல்லை. ஐம்பத்துமூன்று வயது ஆம்பிளை, கையில் பாயோடு நின்றேன்.

முதல் ஆறும் தனித்தனி வெடி. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உடனே திரையில் வந்தது. மூன்று. இரண்டு. பார்த்தாயா ஏழரையின் வேலையை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு நாலு, மூன்று, நாலு, மூன்று. மொத்தம் பத்தொன்பது. அடுத்தது மும்மூன்றாக இரண்டு தரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். அதில் இருபத்தொன்று. பன்னிரண்டு வெடியில் நாற்பது. இன்னும் ஆறு வெடி, ஒரே நிமிடத்துக்குள். ஐம்பத்தேழுக்குப் பதினேழு வேண்டும். புள்ளி ஆறும் முடிந்த பிறகுதான் திரையில் வரும்.

கட்டளை கேட்டது. வரிசை முழுக்க வெடித்தது. இடப் பக்கம் சின்னத் துவக்கோடு படுத்திருந்த தடித்த மனிதர் படபடவென்று அடித்தார். கஜலக்சுமி சுடவில்லை. கொடியைப் பார்த்தேன், காற்று அந்த நேரம் பார்த்துத் திமிறிக்கொண்டு வந்திருந்தது. பத்து விநாடி போனது. பதினைந்து. அவள் விரல் அசையவில்லை. துவக்கில் ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன், அவளுக்குக் கேட்காது என்று மூடினேன். இருபது விநாடி.

கொடி கொஞ்சம் தொய்ந்தது. முதல் வெடி. மூச்சு. இரண்டாவது. மூச்சு. தொழிற்சாலையில் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற அதே நிதானம். ஆறாவது வெடிக்குப் பிறகு இரண்டு விநாடி கழித்து நிறுத்தச் சொல்லிக் கட்டளை வந்தது.

திரையில் புள்ளிகள் வரத் தொடங்கின. நாலு. நாலு. நாலு. மூன்று. நாலு. நாலு.

விரல் மடித்துக் கூட்டினேன். நம்பாமல் இன்னொரு தரம் கூட்டினேன். இருபத்துமூன்று. எல்லாமாக அறுபத்துமூன்று. ஐம்பத்தேழைத் தாண்டி ஆறு புள்ளி. அவள் எழுந்து காதுக் கவசத்தைக் கழற்றினாள். நெற்றியில் வேர்வை, முழங்கையில் பாயின் தடம்.

“எவ்வளவு?” என்று என்னைக் கேட்டாள். திரை அவளுக்கு முன்னாலேயே இருந்தது. என் வாயால் கேட்க வேண்டும் அவளுக்கு.

“அறுபத்துமூண்டு” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

யோஸ்ட் மேசைக்குப் பின்னால் இருந்தபடி பதக்கத்தைக் கொடுக்கவில்லை. எழுந்து சுற்றி முன்னால் வந்து, தன் கையால் அவள் சட்டையில் குத்திவிட்டார். ஏழு வருடத்துக்கு முன் இதே இடத்தில் அவளைத் திருப்பி அனுப்பியது தன் மனதில் இன்னும் இருக்கிறது என்றார். தொழிற்சாலை ஆட்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அன்றைக்கு இவள் அவர்களுக்குக் கைதட்டினாள், இன்றைக்கு அவர்கள் இவளுக்கு. கஜலக்சுமி நிமிர்ந்து நின்றாள். எனக்கு அவள் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலமாகத் தெரியவில்லை.

பிறகு யோஸ்ட் என் பக்கம் திரும்பி, கணவர் சுடவில்லையா, இன்னும் நேரம் இருக்கிறதே என்று கேட்டார். நான் எந்தக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் முகம் மறுபடியும் சிவந்துபோனது. நல்ல மனிதர் ஒருவரை இரண்டாவது தரமும் அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்று எனக்குச் சீயென்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “அப்ப எனக்கெண்டு ஒரு படிவம் எடுத்தனீரெல்லோ. அது கிடக்கோ, எறிஞ்சிட்டீரோ?”

அவள் அலுமாரி இழுப்பறையைத் திறந்தாள். அடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பழைய தாள். என் பெயர், பிறந்த திகதி, வேலை, எல்லாம் அவளுடைய சின்ன எழுத்தில் ஏழு வருடத்துக்கு முன்பே நிரப்பி இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

“இது பழசு. புதுசு எடுக்கோணும்” என்றாள். “ஜேர்மன் சோதனைக்கு நான் படிப்பிக்கிறன். பயப்பிடாதேங்கோ.”

“ஆருக்குப் பயம்?” என்று கேட்டேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

கோப்பி போட்டுக்கொண்டே கேட்டாள். “யோஸ்ட் உங்களிட்டையும் ஒரு நாள் கேப்பார், எந்தத் துவக்கு எண்டு. என்ன சொல்லுவியள்? நீங்கள் மீன ராசி, உங்களுக்கும் ஏழரைதான் நடக்குது.”

அவள் நெஞ்சில் அந்தப் பதக்கம் இருந்தது. வீட்டுக்குள் வந்தும் கழற்றவில்லை.

“பெரிசு” என்றேன். “ஆனால் முதல்ல கொடியைப் பாத்திட்டுத்தான் சொல்லுவன்.”