பின் சீட்டுக்காரி

பல்லில் துணிக் கிளிப்பைக் கடித்தபடியே கிளெனிஸ் தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் மெக்கானிக் கார்மெலோ. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவள் கையால் எத்தனையோ இறைச்சி ரொட்டி வாங்கித் தின்றவன். வயது நாற்பதைத் தாண்டியும் அவனுக்கு அவள் இன்னும் கேன்டீன் மிஸஸ் நோஸ்கிதான்.

"மிஸஸ் நோஸ்கி, வாரிக் போனை எடுக்கவே மாட்டேங்கிறாரு. ஒரு சேதி சொல்லிடறீங்களா? வண்டி ரெடி. அவர் சொன்ன மாதிரியே பின் சீட்டைக் கழட்டிட்டு, அங்க சாமான் வெக்கிற தட்டு போட்டாச்சு. திங்கக்கிழமை பெரிய வண்டியைக் கொண்டாந்து விட்டுட்டு இதை எடுத்துட்டுப் போயிடலாம்."

கிளிப் கீழே விழுந்தது.

"எந்த வண்டி?"

"அதான், மாத்திக்கற வண்டி. லேசானது. ஏன், அவர் உங்ககிட்ட..."

"சொன்னார், சொன்னார். மறந்துட்டேன்" என்று சொல்லி போனை வைத்தாள்.

கணவன் வாரிக் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மூச்சுக்கூட விடவில்லை!

அரைக் கூடை ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனாள். பெரிய மோட்டார் சைக்கிள் கருஞ்சிவப்பாக நின்றிருந்தது. முந்நூற்று எண்பத்தைந்து கிலோ. வாரிக்கின் முன் சீட்டுக்குப் பின்னால், அரையடி உயரத்தில், இரு பக்கமும் கை வைத்துக்கொள்ளும் திண்டுகளோடு அவளுடைய இருக்கை. இருபத்திரண்டு வருடங்களில் மூன்று வண்டிகள் மாறிவிட்டன. இந்த மூன்றாவது வண்டியின் சீட்டு, அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுடைய உருவத்துக்கே குழிந்து போயிருந்தது.

கடைசி மகள் வீட்டைவிட்டுப் போன வாரம்தான் முதன்முதலாக ஏறினாள். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அதுவரை அவள் கண்ட உலகம் பள்ளி கேன்டீனின் ஜன்னல் அகலம்தான். அதன்பிறகு டார்வின், பெர்த், டாஸ்மேனியாவின் மழை என்று எல்லாவற்றையும் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அவர்களுக்குள் தனிப் பாஷை இருந்தது. இடது தோளில் ஒரு தட்டு என்றால் கங்காரு. இரண்டு தட்டு என்றால் அவசரமாக நிறுத்து. எங்காவது வண்டி நின்றால் வாரிக் வாயைத் திறப்பான். அவள் பின்னாலிருந்து எட்டி ஒரு ஜெல்லி மிட்டாயை உள்ளே போடுவாள். கறுப்பு மட்டும் அவனுக்குப் பிடிக்காது. கறுப்பையெல்லாம் பொறுக்கி அவள் தின்பாள்.

அந்த இடத்தில் இனி சாமான் தட்டு!

மதியம் வாரிக் தூண்டிலோடும் நாலு மீனோடும் வந்தான். ரயில்வேயில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்த அகன்ற உடம்பு. கொஞ்ச நாளாக இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. கேட்டால் செருப்பு சரியில்லை என்பான்.

"கார்மெலோ பேசினான். உன் சாமான் தட்டு ரெடியாம்" என்றாள்.

மீன் வாளியைக் கீழே வைக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"உனக்காகத்தான் கிளென். உன் இடுப்பு வலி..."

"என் இடுப்பைப் பத்தி என் டாக்டர் பேசட்டும். நீ யாரைக் கேட்டு என் சீட்டைக் கழட்டினே?"

"அது உன் சீட்டு இல்ல. என் வண்டி."

சொல்லியிருக்கவே கூடாத வார்த்தை. அது அவனுக்கும் தெரிந்தது. ஆனால் பின்வாங்கும் வழக்கம் வாரிக்குக்குக் கிடையாது. எதிரே அலமாரியைக் கை காட்டினான்.

"போன ஈஸ்டருக்கு என்ன ஆச்சு? பிளின்மன் பக்கம் அந்த பப் வாசல்ல நீ அசைஞ்சே, வண்டி சாஞ்சுது. பின்னால ஆளை வெச்சுக்கிட்டு இனிமே எனக்கு தைரியம் இல்ல. உன்னால சும்மா உக்கார முடியல. அவ்வளவுதான் விஷயம்."

அலமாரியில் இருந்தது ஒரு பரிசு. மரப்பலகையில் ஆணியடித்த, வளைந்துபோன கிளட்ச் லீவர். வளைகுடா ஊர்சுற்றிகள் என்ற அவர்களுடைய மோட்டார் சைக்கிள் சங்கம் வருடாவருடம் ஜூலை விருந்தில், அந்த வருடத்தின் மகா அசட்டுத்தனத்துக்குக் கொடுப்பது. வாங்கியவர் அடுத்த விருந்துவரை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். கீழே பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது: "கிளெனிஸ் நோஸ்கி. நெளிந்ததற்காக." அன்றிலிருந்து சங்கத்தில் அவளுக்கு 'புழு' என்று பெயர்.

அவளும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். பப் வாசலில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்ததும், தான் அதைத் திரும்பிப் பார்த்ததும் அவளுக்கு நினைவிருந்தது. அதனால்தான் விழுந்தோம் போலும் என்று நம்பினாள். நம்பிய பெண் என்ன செய்தாள் தெரியுமா? அதன்பின் வண்டியில் ஏறினால் கல்லாகச் சமைந்தாள். கழுத்தைத் திருப்பவில்லை. தோளைத் தட்டவில்லை. "கழுகைப் பாத்தியா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், ஹெல்மெட்டின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அவள் "பாத்தேன்" என்று பொய் சொன்னாள்.

அவள் கார் சாவியை எடுத்தாள். மீனை அவனே கழுவிக்கொள்ளட்டும்.

கார்மெலோவின் பட்டறையில் அந்தப் புது வண்டி நின்றது. ஒல்லியாக, உயரமாக, பெரிய வண்டியில் பாதி எடை. சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இரும்புத் தட்டு.

"கழட்டின சீட்டு எங்க?"

"இருக்கு, மிஸஸ் நோஸ்கி. ஆனா நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?"

"நானா?"

"'கிளெனுக்கு வண்டி சலிச்சுப் போச்சு, இனி வீட்டுல பூச்செடி போதும்னு சொல்லிட்டா'ன்னு வாரிக்தான் சொன்னாரு."

பூச்செடி! அவள் வீட்டில் ஒரு கற்றாழைகூட உயிரோடு இல்லை.

"நல்ல முடிவுதான்னு நினைச்சேன்" என்று கார்மெலோ துணியில் கையைத் துடைத்தான். "அவரு அந்த முட்டியை வெச்சுக்கிட்டு அவ்வளவு எடையைத் தாங்க முடியாதில்ல. இந்த வருஷத்துலயே மூணு தடவை டிரெய்லரோட போய் விழுந்த வண்டியைத் தூக்கிட்டு வந்திருக்கேன். ஒரு தடவை உங்க வீட்டு வாசல்லயே. நீங்க மக வீட்டுக்குப் போயிருந்தப்ப."

"மூணு தடவையா? தனியா ஓட்டும்போதா?"

"ஆமா. எப்பவும் ஒரே தப்புதான். ஹேண்டிலைத் திருப்பி வெச்சுக்கிட்டு, மெதுவா போகும்போது முன் பிரேக்கைப் பிடிக்கிறாரு. சரளைக்கல்லுல அப்படிப் பிடிச்சா எவனா இருந்தாலும் விழுவான். பிளின்மன்லயும் அதானே! அவரே சொன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் விருந்துல விளையாட்டுக்கு அந்தப் பரிசை வாங்கிக்கிட்டீங்கன்னு..."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் நிறுத்திக்கொண்டான்.

"எனக்குத் தெரியாது, கார்மெலோ" என்றாள் கிளெனிஸ். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

விழுந்ததை மன்னிக்கலாம். முட்டி தேய்ந்தது குற்றமா? ஆனால் ஒன்பது மாதம்! ஒன்பது மாதம் அந்தப் பலகை அவள் வீட்டு அலமாரியில், அவள் பெயரோடு, அவள் துடைத்து வைக்க வைக்க இருந்தது. அதன் எதிரே உட்கார்ந்து அவன் தினமும் டீ குடித்தான். குடித்துவிட்டு, "புழு, இன்னொரு கப் கொடேன்" என்றும் கேட்டான்.

கோபம் தணிந்துவிடும் என்று வாரிக் நினைத்திருப்பான். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அவளை அவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலை வளைகுடாக் கரைப் புல்வெளியில் சங்கத்தின் காலைச் சாப்பாடு. தலைவர் டெஸ் இரும்புத் தகட்டில் சாஸேஜும் வெங்காயமும் வதக்கிக்கொண்டிருந்தார். வாரிக் பெரிய வண்டியில் தனியாக வந்திருந்தான். கிளெனிஸ் காரில் வந்து இறங்கினாள், கையில் ஒரு கடைப் பையோடு.

"அட, புழு கார்ல ஊர்ந்து வருது பாருங்கடா! என்னம்மா, வாரிக் இறக்கி விட்டுட்டானா?" என்றார் டெஸ். பதினைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் பையிலிருந்து பரிசை எடுத்து, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"விருந்து ஜூலையில தானே கிளெனிஸ்? அதுக்குள்ள திருப்பித் தரக் கூடாது. சட்டம்."

"சட்டமெல்லாம் எனக்குத் தெரியும், டெஸ். சாஸேஜ் கருகுது, அதைப் பாரு." அவள் கணவனிடம் திரும்பினாள். "வாரிக், ஹெல்மெட்டை மாட்டு. என்னைப் பின்னால வெச்சு இந்தப் புல்வெளியைச் சுத்திட்டு வந்து, அதோ அந்தச் சரளைக்கல்லு சரிவுல நிறுத்து. நான் பொணம் மாதிரி உக்காந்திருக்கேன். விழுந்தா என் தப்பு. சாகற வரைக்கும் இந்தப் பலகை என் வீட்டுலயே இருக்கட்டும்."

"கிளென், எல்லாரும் பாக்கறாங்க."

"விருந்துலயும் எல்லாரும்தான் பாத்தாங்க."

அவன் ஏறினான். அவள் அவன் தோளைப் பிடித்து ஏறி, தன் குழிவில் உட்கார்ந்தாள். வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்த வேண்டும். முந்நூற்று எண்பத்தைந்து கிலோவும் அவளும். வாரிக் ஒருமுறை முயன்றான். இடது முட்டி நடுங்கியது. இரண்டாம் முறை முயன்றான். அவன் முதுகு முழுவதும் நடுங்குவதை அவள் தன் மார்பில் உணர்ந்தாள். இத்தனை வருடம் மலைபோல் அவளுக்கு முன்னால் இருந்த முதுகு அது.

கோபம் அந்தக் கணம் சற்றே தடுமாறியது. ஆனால் அவள் அதை விடவில்லை.

அவன் மூன்றாம் முறை முயலவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தான்.

"இறங்கு கிளென். என்னால முடியல. உன்னைக் கீழ போட்டுடுவேன்."

"சத்தமா சொல்லு. டெஸ்ஸுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

வாரிக் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் வண்டியின் நிறத்தில் இருந்தது.

"பிளின்மன்ல அவ அசையல. நான்தான் ஹேண்டிலைத் திருப்பி வெச்சுக்கிட்டுப் பிரேக்கைப் பிடிச்சேன். அதுக்கப்புறம் இன்னும் மூணு தடவை போட்டேன். முட்டி போயிடுச்சு. அன்னைக்கு யாரோ 'கிளெனிஸ் அசைஞ்சாளா'ன்னு கேட்டீங்க. ஆமான்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல."

யாரும் சிரிக்கவில்லை. சாஸேஜ் உண்மையாகவே கருகிக்கொண்டிருந்தது. டெஸ் மட்டும், "சரி விடும்மா, ஒரு ஜோக்குக்காக..." என்று ஆரம்பித்தார்.

"ஜோக்கா? நான் ஒன்பது மாசமா வண்டியில கழுத்தைத் திருப்பலை, டெஸ். ஒரு மலையைப் பாக்கலை. எதுக்கு? இவர் மீசையில மண்ணு ஒட்டாம இருக்கறதுக்கு!"

டெஸ் சாஸேஜ் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தச் சீட்டை ஏன் கழட்டினே?" அவள் கணவனைக் கேட்டாள்.

"சீட்டு இருந்தா நீ ஏறுவே. ஏறினா மறுபடியும் போட்டுடுவேனோன்னு பயம். பிளின்மன்ல உன் கால் புகைக்குழாய்க்கு அடியில மாட்டாம தப்பிச்சது ஒரு விரல்கடை. இன்னும் அந்தச் சத்தம் என் காதுல கேக்குது."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா உண்மையைச் சொல்லணுமே."

அவள் கண்கள் நிறைந்தன. அதுவும் கோபத்தால்தான் என்று எல்லோரும் நினைக்கட்டும் என்று அப்படியே விட்டாள்.

"சின்ன வண்டியையே எடு" என்றாள். "அந்த எடையை உன் முட்டி தாங்கும். பெரிய வண்டி போறதுல எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா போகட்டும். என் சீட்டு மட்டும் திரும்பி வரணும். தட்டுல கட்டிக் கொண்டுபோக நான் மூட்டை இல்ல. இப்ப என் பேரை அந்தப் பலகையிலேருந்து கழட்டு."

வாரிக் பேனாக்கத்தியை எடுத்தான். நான்கு திருகாணிகள். துருப்பிடித்து இறுகியிருந்தன. வெகுநேரம் பிடித்தது. யாரோ திருப்புளி எடுத்து வந்தார்கள். "அவரே கழட்டட்டும்" என்று கிளெனிஸ் தடுத்துவிட்டாள். தகடு கழன்றதும் பெயரில்லாத பலகையை அவனிடமே தள்ளினாள். ஜூலை வரை அது அவன் கட்டில் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே வைத்ததும் அவள்தான்.

திங்கட்கிழமை பெரிய வண்டியைக் கார்மெலோவிடம் ஒப்படைக்கும்போது, தன் குழிவை ஒரு தடவை உள்ளங்கையால் தடவினாள். சின்ன வண்டியின் பின் சீட்டு ரொட்டித்துண்டு அகலம்தான். கைத்திண்டு கிடையாது. உட்கார்ந்து பார்த்து, கார்மெலோவிடம் இரண்டு கைப்பிடிகள் கேட்டு வாங்கிப் பொருத்தினாள். வாரிக் காலை ஊன்றினான். வண்டி நிமிர்ந்தது. அசையாமல் நின்றது.

ஊருக்கு வெளியே ரயில்வே கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெர்த் போகும் சரக்கு ரயில், முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கிளெனிஸ் வலப்பக்கம் முழுவதுமாகத் திரும்பி மலைகளைப் பார்த்தாள். பிறகு இடப்பக்கம் திரும்பினாள். வண்டி ஆடியது. வாரிக் தாங்கிக்கொண்டான்.

"கிளென்... இன்னும் கோபமா?"

"ஈஸ்டர் முடியட்டும், பாக்கலாம்."

அவன் பழக்கத்தில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தான்.

அவள் பையிலிருந்து ஜெல்லி மிட்டாயை எடுத்தாள். சிவப்பு. அவனுக்கு மிகவும் பிடித்தது. அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்து பச்சையைப் போட்டுக்கொண்டாள். கடைசிப் பெட்டி கடந்து போகும்வரை அவன் வாயைத் திறந்தபடியே காத்திருந்தான். விளக்கு அணைந்ததும், பையின் அடியில் துழாவி, ஒரு கறுப்பு மிட்டாயை எடுத்து அவன் வாயில் போட்டாள்.

அவன் முகத்தைச் சுளித்தான். ஆனாலும் துப்பவில்லை. மென்று விழுங்கிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.