ஐலீன் வீட்டில் எத்தனை பேர்

எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கத்தில், ஊரைவிட்டுப் போன பிள்ளையைப் போனவன் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அப்படித்தான். பத்து வருஷமாகப் பக்கத்து மாநிலமான ஒஹையோவில் இருப்பவனுக்கும் இங்கே பெயர் கொடுத்தார்கள்.

கணக்கெடுக்க வந்தவள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஐலீன் மல்லின்ஸ். விதவை; வாய் நீளம். “ஏப்ரல் ஒண்ணாம் தேதி அவன் எங்க குடியிருந்தானோ அங்கதான் கணக்கு. எங்கிட்ட கதை விடாதீங்க!” என்று அதட்டுவாள். ஆனாலும் ஒரு தலையைக்கூட விடாமல் மலையேறினாள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆள்கணக்கைப் பார்த்துத்தான் இத்தனை ஓட்டு என்று கொடுப்பார்கள்; அவள் பிறந்தபோது எங்கள் மாநிலத்துக்கு எட்டு. இப்போது ஐந்து. ஆள் குறைந்தால் அதிலும் ஒன்று போகும்.

ஊரையெல்லாம் எழுதியவள் தன் வீட்டுத் தாளை மட்டும் அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நான், ஒருநாள் அவள் சமையலறையில் அதைப் பார்த்துவிட்டேன். இரண்டு பெயர்: அவளும் மகன் கீத்தும். கீத் வட கரோலினாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறு வருஷம். “அடுத்த வசந்தத்துல வந்துடுவேன்” என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வான்.

“ஏண்டி, ஊருக்கு ஒரு சட்டம், உனக்கு ஒண்ணா?” என்று சிரித்தேன். “அவனையே கேளேன்” என்றும் சொன்னேன். அந்த வாயைக் கட்டிக்கொண்டிருக்கலாம் நான்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மகனை அழைத்தாள். “கீத், கணக்குல உன்னை எங்கடா எழுதின?”

“இங்கதாம்மா.”

நூறு வாசலில் கேட்ட பழக்கம்; அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது. “சொந்த வீடா, வாடகையா?”

“சொந்தம்மா. போன வருஷமே வாங்கிட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“நல்லதுடா, நல்லது. கூரையெல்லாம் ஒழுகாம இருக்கா?” என்றாள். அழவில்லை. பேசி முடித்ததும் பேனாவை எடுத்து அவன் பெயரை அடித்தாள்.

மறு ஏப்ரலில் செய்தி வந்தது. எங்களுக்கு ஐந்து ஓட்டு நாலானது. வட கரோலினாவுக்கு ஒன்று கூடியது. ஊரே வாஷிங்டன் அரசாங்கத்தைத் திட்டியது. நான் ஐலீனைத் தேற்றப் போனேன்.

“ஒரு பேர்ல என்னடி ஆகப்போகுது? நீ கீத் பேரை அடிக்காம விட்டிருந்தாலும் அந்த ஓட்டு போயிருக்கும்.”

“ஓட்டு கிடக்கட்டும் விடு. மாநிலத்துக்கு அஞ்சு இருந்துச்சு, ஒண்ணு போச்சு, நாலு மிச்சம். எனக்கு ஒண்ணுதானே இருந்துச்சு?” என்றாள் ஐலீன்.