டாக்டர் காரில் பகல் விளக்கை நிறுத்தியது

1. யார் தவறிட்டாங்க?

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மலாய் நாட்டில், ரப்பர் எஸ்டேட்டுகள் சூழ்ந்த பீடோங்கில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் ஒயர்மேனாக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இங்கிலாந்தில் படித்து முடித்துத் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த சுவீடன் கார். எஞ்சின் ஓடினாலே போதும், முன்னும் பின்னும் சின்ன விளக்குகள் தானாக எரியும். பனியும் மூட்டமும் உள்ள ஊருக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். சுவிட்சை அணைத்தாலும் அவை அணையாது.

நம் பக்கத்தில் பட்டப்பகலில் கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போனால் அது சவ ஊர்வலம். எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

“எதிர்ல வர்றவன்லாம் லைட் அடிச்சுக் காட்டுறான். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் அண்ணே” என்றார் டாக்டர். “போன வாரம் மெர்போக் ரோட்டுல எனக்குப் பின்னால ரெண்டு காரு, ஒரு லாரி. மூணு பேரும் லைட்டைப் போட்டுக்கிட்டு மெதுவா வர்றாங்க, முந்தவே இல்ல. ஒரு கடைக்கு முன்னால நிறுத்துனேன். அவங்களும் நிறுத்திட்டாங்க. லாரிக்காரரு இறங்கி வந்து, ‘யாரு ஐயா தவறிட்டாங்க?’ன்னு கேக்கிறாரு.”

எங்கள் முதலாளி தவுக்கே, சீனர் என்றாலும் எஸ்டேட் தமிழ் நன்றாகப் பேசுவார், வயிறு குலுங்கச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. மறுநாள் அவருடைய தங்கைக்கு பீடோங் சர்ச்சில் கல்யாணம். சாயந்தரம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அந்தக் காரில்தான் அலோர் ஸ்டாருக்கு அழைத்துப் போக வேண்டும்.

“லைட்டோட வந்தா என் மவளை அதுல ஏத்த மாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க. எப்படியாச்சும் நிறுத்திக் குடுங்க.”

2. பச்சை ஒயர்

அந்தக் காருக்கு ஒயரிங் டயகிராம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டோடு நின்ற நான் அதை எங்கே படிப்பது? ஒயரில் கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். பியூஸைப் பிடுங்கினால் ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு பியூஸை நம்பி வேறு எது எது ஓடுகிறதோ என்று பயம். ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தேன்.

“வெட்டிரு லா! கல்யாணம் நாளைக்கு, அடுத்த வருசம் இல்ல” என்று தவுக்கே வெளியிலிருந்து சத்தம் போட்டார்.

நான் வெட்டவில்லை. கடைசியில், அந்த விளக்குகளுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேக்குப் போகும் ஒரு பச்சை ஒயரைக் கழற்றியதும் விளக்குகள் அணைந்தன. முனையில் டேப் சுற்றினேன். சுவிட்சைப் போட்டேன், எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது. அணைத்தேன், அணைந்தது. முதுகு விட்டுப்போயிருந்தது. சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வீட்டில் சோற்றில் கை வைத்தபோதுதான் நினைப்பு வந்தது. சுவிட்சைப் போட்டபோது முன்னால் எரிந்ததைப் பார்த்தேன். பின்னால் எரிந்ததா? நான் இறங்கிப் போய்ப் பார்க்கவே இல்லை.

என் மனைவி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “ஆரம்பிச்சிட்டீங்களா? போன மாசம் லாரி ஹார்ன் அடிக்குதான்னு பாக்கக் கூலிம் வரைக்கும் போனீங்க. அடிச்சுச்சா இல்லையா?”

“அடிச்சுச்சு.”

“அப்பறம் என்ன? ரசத்தை ஊத்திக்கிட்டுச் சாப்பிடுங்க.”

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு லாரிகள் காத்துக் கிடந்தன. தவுக்கே என்னை விட்டபோது மணி ஐந்தரை. கழுவாத கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

3. குருண் வரை

சர்ச் மண்டபத்துக்கு வெளியே கார் பூ வைத்து நின்றது. டாக்டரைத் தேடிப் பிடித்து, எஞ்சினை ஓடவிட்டு ஹெட் லைட்டைப் போடச் சொன்னேன். பின்னால் போய் நின்றேன். பிரேக்கை மிதித்தால் எரிகிறது. காலை எடுத்தால் இருட்டு. பின் விளக்கு இரண்டும் இல்லை, நம்பர் பிளேட் விளக்கும் இல்லை. அவை மூன்றும் அந்தப் பச்சை ஒயரில்தான் உயிரோடு இருந்திருக்கின்றன. டாக்டரிடம் சொன்னேன்.

“இப்பவே செய்ய முடியாதா அண்ணே?”

“டேஷ்போர்டைக் கழட்டி, சுவிட்சுலேருந்து பின்னால தனி ஒயர் இழுக்கணும் டாக்டர். ரெண்டு மணி நேரம் ஆவும். இல்லன்னா கழட்டுன ஒயரைத் திருப்பி மாட்டலாம். பின்னாடி எரியும். ஆனா...”

“பகல்லயே எரியும்.”

இதற்குள் டாக்டரின் அம்மா பட்டுப்புடவையோடு வந்துவிட்டார். “இந்த வாசல்லேருந்து என் மவ லைட்டுப் போட்ட காருல போவ மாட்டா. ஊரே பாத்துக்கிட்டு நிக்குது.”

“இருட்டுனா பின்னால வர்ற லாரிக்குக் கார் தெரியாதும்மா. வந்து ஏறிருவான்” என்றேன்.

“அப்ப இருட்டுனதும் போடு! அதுக்குத்தானேப்பா லைட்டு?”

என்னைக் குத்துவதற்காகத்தான் சொன்னார். ஆனால் அதுதான் வழி.

“டாக்டர், வழியில குருண் வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அங்க பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்துங்க, மாட்டிக் குடுக்கிறேன். அதுவரைக்கும் நான் பின்னாலயே மோட்டார்ல வர்றேன்.”

“எங்கன்னு காட்டுங்க, நானே மாட்டிக்கிறேன்.”

“வேணாம் டாக்டர். பக்கத்து ஒயர்ல பட்டாப் பொசுங்கிரும். உள்ள பொண்ணு மாப்பிள்ளை இருக்காங்க.”

ஆறரைக்குப் புறப்பட்டோம். எங்கள் பக்கம் ஏழு மணிக்கு மேல்தான் இருட்டும். பாதி வழியிலேயே ஜெராய் மலையிலிருந்து மேகம் இறங்கி ரோட்டை மூடியது. நான் நினைத்ததைவிட அரை மணி முன்னதாகவே இருட்டிவிட்டது. என் மோட்டார் சைக்கிளின் பின் விளக்கு ஒன்றுதான் இரண்டு வண்டிக்கும். காருக்குப் பின்னால் நடு ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. நான் ஒதுங்கவில்லை. கடைசியில் காரையும் சேர்த்துத் தாண்டிப் போகும்போது லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி மலாயில் என் அப்பனை இழுத்துத் திட்டினார். திட்டட்டும். அவருக்குக் கார் தெரிந்துவிட்டது, அது போதும்.

குருணில் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஒயரை மாட்டினேன். பின்னால் நடந்து போய்ப் பார்த்தேன். இடது, வலது, நம்பர் பிளேட். மறுபடி ஒரு முறை பார்த்தேன். பெண் கண்ணாடியை இறக்கினாள்.

“அண்ணே, மழை வரப் போவுது. நீங்க எப்படிப் போவீங்க?”

நேற்று ராத்திரியிலிருந்து எல்லாவற்றையும் நினைத்துக் கவலைப்பட்ட நான் அதை மட்டும் நினைக்கவில்லை. “போய்க்குவேன்மா” என்றேன். கார் போனது. இரண்டு சிவப்பு விளக்கும் வளைவில் மறையும்வரை நின்றேன். பீடோங் போய்ச் சேருவதற்குள் உள்ளாடை வரை நனைந்துவிட்டது.

திங்கட்கிழமை டாக்டர் காரைக் கொண்டுவந்ததும் டேஷ்போர்டைக் கழற்றித் தனி ஒயர் இழுத்தேன். பகல் விளக்கு நின்றது, பின் விளக்கு எரிந்தது. சொன்னபடி இரண்டு மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை அந்த இரண்டு மணி நேரம் எனக்கு இருந்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஒரு விளக்கை நிறுத்தச் சொன்னால், நின்றதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எரிய வேண்டியது எல்லாம் எரிகிறதா என்று இறங்கிப் போய்ப் பாருங்கள். ஒரு காரின் நீளம் பதினாறு அடி. அதை நடக்காமல் விட்டதற்காக நான் குருண் வரை போய் வந்தேன்.