‘இருந்தா’ என்று ஒரு சொல்

தையற்காரிக்கு நாத்தனார்மேல் ஆறு மாதக் கோபம். மிச்சத் துணியை அண்ணி சுருட்டிக்கொள்கிறாள் என்று கடைக்கு வரும் பெண்களிடமெல்லாம் கதை கட்டிவிட்டவள் அவள்தான். பாதி வாடிக்கை போனபின் வந்து, "மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க அண்ணி" என்றாள். அந்த ‘இருந்தா’ தையற்காரிக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒன்றும் நடக்காததுபோல நாத்தனார் தைக்கக் கொடுத்த சட்டையில், அக்குளைத் தையற்காரி வேண்டுமென்றே ஓர் அங்குலம் இறுக்கினாள். அலுவலகத்தில் பரிசு வாங்க நாத்தனார் கை நீட்டியபோது, எல்லோர் முன்னாலும் அது டர்ரென்று கிழிந்தது.

மறுநாள் கிழிந்த சட்டையோடு கடைக்கு வந்தாள் நாத்தனார். "என்ன அண்ணி இது?"

"தப்பா தச்சிருந்தா மன்னிச்சுக்கோம்மா," என்றாள் தையற்காரி இனிக்க இனிக்க.

நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. அங்கே நின்றிருந்த இரண்டு பெண்கள் பக்கம் திரும்பினாள். "அண்ணி துணி எடுக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

இதற்குத்தான் தையற்காரி காத்திருந்தாள். ஆனால் இப்போது அந்தப் பெண்கள் கிழிந்த சட்டையையும் அவளையும் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் மிச்ச வாடிக்கையும் போகலாம். அளவு மாறிப்போச்சு என்றால் நம்பிவிடுவார்கள்.

"வேணும்னேதான் இறுக்கினேன்," என்றாள். "குடு, பிரிச்சுத் தச்சுத் தரேன்."