அக்கரைச் சங்கு

என் தம்பி சேவியர் வேலைக்குப் போகாதவன். அவனைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அப்படிச் சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை. நானும் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

ஏரவாடாவில் எங்கள் வீடு. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பாக்டரியில் அப்பா சவரிமுத்து லேத் ஓட்டினார். தொண்ணூற்றொன்றில், சர்வீஸில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அப்படிப் போனவர் வீட்டில் ஒரு பிள்ளைக்கு அங்கேயே வேலை தருவார்கள். சேவியர் பெயர் லிஸ்டில் ஏறியது. "வேற எங்கயும் சம்பளம் வாங்கிடாதடா, பேரை வெட்டிடுவாங்க" என்று துக்கத்துக்கு வந்த யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். நாசமாய்ப் போக! பத்தொன்பது வயதுப் பிள்ளை அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து காலை ஏழுக்கு அக்கரையில் சங்கு ஊதும்போது, அப்பாவின் காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பான். ஆற்றின்மேல் பனி கிடக்கும். பனிக்குள் சைக்கிள்கள் மிதந்துபோகும்.

"அக்கா, மூணாவது ஷெட்டு, ரெண்டாவது மெஷின், அதான் நம்மளது. மேல ஒரு கண்ணாடி ஒடஞ்சிருக்கு. வெயிலு அது வழியா வந்து கையில விழும்."

எதைச் சொன்னாலும் 'அக்கா' என்றுதான் தொடங்குவான். அந்த ஷெட்டை அவன் பார்த்ததே இல்லை. ஆனால் அவன் சொல்லச் சொல்ல, என் கையிலும் அந்த வெயில் இதமாகச் சுடும்.

பிறகு காக்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சி ஊட்டி, தலை சீவிவிடுவான். நான் பிம்ப்ரிக்கு பஸ் பிடிப்பேன். அங்கே எனக்கு மாத்திரை பாக்கிங் வேலை.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜனத்தொகைக் கணக்கெடுக்க வைஷாலி டீச்சர் வந்தார். வேலை பார்க்கிறாயா என்று சேவியரிடம் இந்தியில் கேட்டார். இல்லை என்றான். தேடுகிறாயா என்றார்.

"எதுக்கு மேடம் தேடணும்? கெடச்சாச்சு. கூப்பிடணும், அவ்ளோதான்."

டீச்சர் எதை எழுதுவார், பாவம்! பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இவன் வேலைக்குப் போகாததுக்கு என்னதாம்மா காரணம்?"

காரணம் நான்தான். லிஸ்டை மூடிவிட்டோம் என்று பாக்டரியிலிருந்து கடிதம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தபால்காரர் அதை என் கையில் கொடுத்தார். நான் என் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் செருகினேன். இவன் எங்காவது வேலைக்குப் போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது? பஸ்ஸை விட்டு, தோழிகளை விட்டு, நானல்லவா வீட்டோடு கிடக்க வேண்டும்! அந்தப் பயத்தில் தம்பியைக் கனவிலேயே உட்காரவைத்துவிட்டு, சோம்பேறி என்றும் திட்டினேன். பாவி நான்.

டீச்சர் போனதும் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் நின்று இரண்டு முறை படித்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். தேதியை மட்டும் விரலால் தடவிப் பார்த்தான்.

மறுநாள் சங்கு ஊதியது. காக்கி ஆணியிலேயே தொங்கியது. சாதாரணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தளேகாவில் ஆள் எடுக்கிறார்களாம் என்று லோக்கல் ரயிலுக்குக் கிளம்பினான். வாசலில் நின்று செருப்பை மாட்டியபடியே சொன்னான்.

"பன்னெண்டு மணிக்கு மாத்திரை. கஞ்சி சூடா இருந்தா குடிக்கமாட்டாங்க, ஆறவச்சுக் குடு."

அதில் 'அக்கா' இல்லை.